தட்டணுப் பொடிக்கு ஒரு சோதனை



நாள்தோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரயிலில் சென்று, கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வருபவன் நான். என் மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவருடைய கீழ்த்தாடை எலும்பு முறிந்தது. அறுவை மருத்துவர்கள் டைட்டானியத் தகடு வைத்து முறிவைப் பொருத்தினார்கள். சில நாள் கழித்து அவருடைய தந்தை ஒரு துண்டுத் தாளுடன் என்னிடம் வந்தார். ஏதோ ஒரு தனியார் மருத்துவ நிலையம் கொடுத்த தாள் அது. இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஐந்து தவணையாகச் செலுத்தினால் முகத்தின் எலும்பும் சதையும் விரைவில் வளர்ந்துவிடும் என்று அதில் அச்சிட்டிருந்தது. "நகையை அடகு வைக்கலாமா, சார்?" என்று கேட்டார்.

நான் மருத்துவன் அல்லன். ஆகவே அறுவை செய்த மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு வரச் சொன்னேன்: "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" முறிந்த முனைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன, எலும்பு தானாகவே கூடிவிடும் என்று அவர் விடை சொன்னார். அவ்வாறே கூடியது. நகையும் பெட்டியிலேயே இருக்கிறது.

அப்படியானால் அந்த மருத்துவம் வெறும் ஏமாற்றா? அவசரப்படாதீர்கள். அதற்குப் பின்னால் மெய்யான அறிவியல் இருக்கிறது.

டெங்குக் காய்ச்சல் காலத்தில் 'பிளேட்லெட் குறைந்துவிட்டது' என்று பெரியவர்கள் கவலைப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். அவையே தட்டணுக்கள். நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1½ இலட்சம் முதல் 4½ இலட்சம் வரை இருக்கின்றன. காயம் பட்டதும் அங்கே கூடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரத்தப் போக்கை அடைக்கின்றன. அத்துடன் அவற்றின் வேலை முடிவதில்லை. தம்முள் இருக்கும் நுண்ணிய பைகளைத் திறந்து சில புரதங்களை வெளியிடுகின்றன. 'வளர்ச்சிக் காரணிகள்' எனப்படும் இவை அக்கம்பக்கத்துச் செல்களைப் பெருகச் செய்கின்றன. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன.

இதைப் பயன்படுத்த முடியும் என்பதை 1998-ல் அமெரிக்காவின் முக அறுவை மருத்துவர் இராபர்ட் மார்க்ஸும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினார்கள். தாடையில் எலும்பு ஒட்டு வைத்தபோது நோயாளியின் தட்டணுக்களையே செறிவாக்கி அதனுடன் சேர்த்தார்கள். 2001-ல் பிரான்சு நாட்டில் ஷுக்ரூன் என்பவர் இன்னும் எளிய வழியைக் காட்டினார். இரத்தத்தைக் குழாயில் எடுத்து உடனே மையவிலக்குப் பொறியில் சுழற்றினால், தட்டணுக்கள் சிக்கிய கூழ் போன்ற ஒரு கட்டி கிடைக்கிறது. அதைப் பல் பிடுங்கிய குழியில் வைக்கலாம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. இரத்த வங்கியில் தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில், இடைவிடாமல் மெல்ல அசைத்தபடி வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் வழக்கமாக 5 நாள்தான். பெரிய நகரத்துக்கு இது எளிது, சிற்றூர்களுக்குக் கடினம். இங்கேதான் நம் இயற்பியல் உதவிக்கு வருகிறது.

வெண்டைக்காய் வற்றலை நினைத்துப் பாருங்கள். வெயிலில் காயும்போது அது சுருங்கிவிடுகிறது. வெப்பம் புரதங்களையும் கெடுக்கக்கூடும். வேறு வழி என்ன? முதலில் பொருளை உறைய வையுங்கள். பிறகு சுற்றிலும் உள்ள காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை 4.6 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே கொண்டு வாருங்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் என்பது நினைவிருக்கட்டும். அந்தக் குறைந்த அழுத்தத்தில் பனிக்கட்டி நீராகாமலே நேரே ஆவியாகிறது. சூடத்தில் நீங்கள் கண்ட பதங்கமாதல்தான் இது! பனிக்கட்டி இருந்த இடங்கள் நுண்துளைகளாக நிற்க, கடற்பஞ்சு போன்ற உலர்ந்த பொருள் மிஞ்சுகிறது. தண்ணீர் விட்டதும் கரைந்துவிடும்.

ஆனால் உலர்ந்த தட்டணு வேலை செய்யுமா? விதைநெல்லையும் அரிசியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விதைநெல் முளைக்க வேண்டும். அதன் உயிர் போகக்கூடாது. அரிசி முளைக்க வேண்டியதில்லை. சத்து கெடாமல் இருந்தால் போதும். இரத்தப் போக்கை நிறுத்த வேண்டிய தட்டணு விதைநெல் போன்றது. டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையை உள்ளே புகுத்தி உலர்த்தினால் தட்டணுக்கள் பெரும்பாலும் சிதையாமல் மீள்வதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் நகர ஆய்வாளர்கள் 2001-ல் காட்டினார்கள். எலும்பையும் ஈறையும் வளர்க்கப் பயன்படும் பொடியோ அரிசி போன்றது. வளர்ச்சிக் காரணிகள் கெடாமல் இருந்தால் போதும். கெடு முடிந்து கொட்டப்பட வேண்டிய தட்டணுக்களிலிருந்தும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியும்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். உலர்த்தும் முறை தொலைவு என்னும் சிக்கலைத் தீர்க்கிறது. பயன் உண்டா என்னும் கேள்வியை அது தீர்ப்பதில்லை. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஊசல் சோதனையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நீளத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்கிறீர்கள். மருத்துவத்திலும் அப்படித்தான். பல் மருத்துவர்கள் இதற்கு அழகான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே ஆளுக்கு இரு பக்கமும் கடைவாய் ஞானப்பல் எடுக்க நேர்ந்தால், ஒரு குழியில் தட்டணுக் கட்டியை வைக்கிறார்கள். மற்றதை அப்படியே விடுகிறார்கள். ஆளும் உணவும் ஒன்றே. வேறுபாடு ஒன்றே ஒன்று. இத்தகைய சோதனைகளில் ஈறு ஆறுவதிலும் வலி குறைவதிலும் ஓரளவு நன்மை தெரிந்திருக்கிறது. எலும்பு வளர்ச்சியிலோ முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. உலர்ந்த பொடியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் நடந்தவை. மனிதர்களில் நடந்தவை சிலவே. 'முகப்பொலிவு' என்று விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

"பணமுள்ளவர் செய்துகொள்ளட்டுமே, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அடகுக் கடைக்குப் போவது பணமுள்ளவரின் நகை அன்று என்பதே என் விடை.

அதற்காகப் பொடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியம்மையை எண்ணிப் பாருங்கள். ஈரமான அம்மைப்பால் வெயிலில் விரைவில் கெட்டுவிடும். உலர்த்திய தடுப்பு மருந்து 37 டிகிரி வெப்பத்திலும் ஒரு மாதம் தாங்கியது. குளிர்பெட்டி இல்லாத சிற்றூர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் அந்நோய் 1975-ல் ஒழிந்தது. சென்னைக் கிண்டியில் 1948-ல் தொடங்கிய அரசு ஆய்வகம் காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்தையும் இதே முறையில் உலர்த்திச் செய்திருக்கிறது. ஆனால் பெரியம்மைத் தடுப்பு மருந்துக்குச் சான்று முதலில் வந்தது. உலர்த்தல் பின்னர் வந்தது. அந்த வரிசை மாறக்கூடாது.

ஆகவே நாம் விரும்ப வேண்டியவை இரண்டு. ஒன்று, நெடுஞ்சாலை விபத்துகளில் தாடை உடைந்தோரைக் காணும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நேர்மையான ஒப்பீட்டுச் சோதனைகள் நடக்க வேண்டும். இரண்டு, அவற்றில் பொடி தேறினால், கிண்டியில் தடுப்பு மருந்து செய்ததுபோல அரசே அதைச் செய்து, குறைந்த விலையில் எல்லா ஊருக்கும் அனுப்ப வேண்டும்.

உங்கள் பங்கும் உண்டு. 18 வயதானதும் நீங்கள் இரத்த தானம் செய்யலாம். தட்டணுப் பொடிக்கும் அதுதான் மூலப்பொருள். அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்கு இப்படியொரு துண்டுத் தாள் வந்தால், "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று மருத்துவரிடம் கேட்டு வரும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.