முதல் தட்டம் யாருக்கு?



நத்தார் நெருங்குகின்றது. பயற்றம் பணியாரம், சிப்பி, பிஸ்கட், கேக் என இல்லந்தோறும் பலகார மணம் கமழ்கின்றது. இம்மகிழ்வு குற்றமன்று, மீட்பர் பிறந்த பெத்லகேம் என்னும் பெயருக்கே ‘அப்பத்தின் வீடு’ என்பது பொருள்.

ஆயினும் சாரிபாத்துக் கைம்பெண்ணை நினைவுகூருங்கள். கையளவு மாவும் சிறிது எண்ணெயுமே எஞ்சியிருந்த பஞ்ச காலத்திலும், முதல் அப்பத்தை அவள் இறைவாக்கினர் எலியாவுக்கே சுட்டுக் கொடுத்தாள். மாவும் தீரவில்லை, எண்ணெயும் குறையவில்லை (1 அரசர் 17).

நாமோ உறவினருக்கும் அயலவருக்கும் தட்டம் அனுப்புகின்றோம். அங்கிருந்தும் தட்டம் வருகின்றது. கைம்மாறு செய்ய இயலாதோரையே விருந்துக்கு அழைக்கச் சொன்னார் ஆண்டவர் (லூக்கா 14). அடுப்பெரியாத வீடொன்று உங்கள் பங்கிலும் இருக்கலாம். மிஞ்சியதையன்றி, முதல் தட்டத்தையே அங்கு கொண்டு செல்லுங்கள். பாலன் இயேசு அவ்வீட்டிலும் காத்திருக்கின்றார்.