சொட்டு இரத்தமும் சிந்தாத சுதந்திரமா?

பெப்ரவரி 4 நெருங்கினால் ஒரு வாசகம் தவறாமல் மேடையேறிவிடும். சொட்டு இரத்தமும் சிந்தாமல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது என்று ஒரு சாரார் பெருமையோடு சொல்வார்கள். இந்தியாவை விட்டுக் கிளம்பியவர்கள் போகிற போக்கில் இதையும் கைகழுவினார்கள் என்று இன்னொரு சாரார் இளக்காரமாகச் சொல்வார்கள். இந்தத் தீவில் அந்நியரை எதிர்த்து எவரும் நின்றதில்லை என்பதே இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடக்கும் எண்ணம். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். அது பொய் என்று தெரிந்தபின் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

"நானூற்றைம்பது ஆண்டு அடிமைத்தனம்" என்று முதலில் சொல்வார்கள். அநுராதபுரமும் பொலன்னறுவையும் காடு மூடிப் போனபின் தீவு துவண்டு கிடந்ததாம்; 1505இல் போர்த்துக்கேயக் கப்பலைக் கண்டதும் பணிந்துவிட்டதாம். சோழரிடம் இழந்த அரசை 1070இல் முதலாம் விஜயபாகு மீட்டெடுத்த மண் இது. யாழ்ப்பாண அரசின் மீது போர்த்துக்கேயர் 1560இலேயே படையெடுத்தார்கள். அதை முழுதாக விழுங்க அவர்களுக்கு 1619 வரை ஆனது. கடைசி மன்னன் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1630இல் ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா மாண்டார். எட்டே ஆண்டில் கன்னொருவையில் அவருக்குப் பின் வந்த ஒருவருக்கும் அதே கதி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கண்டி நகருக்குள் புகுந்திருக்கிறார்கள், எரித்திருக்கிறார்கள், நிலைத்து ஆண்டதில்லை. 1803இல் பிரித்தானியர் அங்கே விட்டுவந்த காவற்படையும் அழிந்தது. அதே ஆண்டு வன்னியில் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். கரையோரத்தை இழந்தபின்னும் இருநூறு ஆண்டுக்கு மேல் ஓர் அரசு மூன்று ஐரோப்பிய வல்லரசுகளுக்கு ஈடுகொடுத்திருக்கிறது. அந்தக் காலத்தையும் சேர்த்து எப்படி அடிமைத்தனம் என்று எண்ணுவது?

சரி, 1815இல் கண்டிப் பிரதானிகளே கையொப்பமிட்டு நாட்டை ஒப்படைத்தார்களே என்பார்கள். ஒப்படைத்தது உண்மை. மார்ச் 2ஆம் தேதி ஒப்பந்தம் எழுதப்பட்டது. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் நினைவாக முத்து மண்டபம் நிற்கிறது. ஆனால் கதை அந்தக் கையொப்பத்தோடு முடிந்ததாக நினைப்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இரண்டரை ஆண்டில், 1817இல், ஊவா எழுந்தது. அடக்கி வரும்படி அரசு அனுப்பியது, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான திசாவை கெப்பெட்டிப்பொலவை. அவர் போய்க் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். கொடுத்தனுப்பிய ஆயுதங்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஆளுநர் பிரவுன்ரிக் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். வீடுகள் எரிந்தன, விளைந்த நெல் எரிந்தது, மாடுகளை ஓட்டிப் போனார்கள். ஊவாவிலுள்ள வெல்லஸ்ஸ என்ற பெயருக்கே இலட்சம் வயல் என்று பொருள் சொல்வார்கள். குளமும் வாய்க்காலுமாகத் தலைமுறை தலைமுறையாக உருவான அந்த நெல்வயல் நாடு பாழ்பட்டுப் போனது. பிரித்தானியப் படையில் மருத்துவராக இருந்த ஜான் டேவி, தம் தரப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள் என்றும், கண்டி மக்கள் பத்தாயிரம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்றும் எழுதிவைத்திருக்கிறார். இது வென்றவன் வீட்டுக் கணக்கு. 1818 நவம்பர் 26 அன்று கெப்பெட்டிப்பொலவின் தலையை வெட்டினார்கள். மண்டையோட்டை ஆராய்ச்சிக்கென்று எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். அது ஊர் திரும்பியது 1954இல், சுதந்திரத்துக்கு ஆறு ஆண்டு கழித்து.

1848 மாத்தளைக் கிளர்ச்சியை நான் விரித்துச் சொல்லவில்லை. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று ஏழைக் குடியானவனை நெருக்கியதற்கு எதிராக எழுந்தவர்கள் அவர்கள். அவர்களை முன்னின்று நடத்திய புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். நடந்த கொடுமையைப் பிரித்தானியப் பாராளுமன்றமே விசாரிக்க வேண்டி வந்தது என்பது போதும்.

"அதெல்லாம் பழைய அரசர் காலத்து மிச்சம், இருபதாம் நூற்றாண்டில் படித்த கனவான்கள் மனு எழுதியே வாங்கினார்கள்" என்பது மூன்றாவது வாதம். இதில் பாதி உண்மை உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதல் தலைவராக இருந்த இலங்கைத் தேசிய காங்கிரஸ், காந்தி நடத்தியதைப் போன்ற சட்டமறுப்பு எதையும் நடத்தவில்லை. டி. எஸ். சேனநாயக்க பேசிப் பேசியே காரியம் பார்த்தார்; அது சிறிய திறமை அல்ல. ஆனால் மனு எழுதியவர்கள் மட்டுமா இருந்தார்கள்? 1931இல் சர்வசன வாக்குரிமையோடு தேர்தல் வந்தபோது, முழுச் சுயராச்சியம் இல்லாத சட்டசபை எங்களுக்கு வேண்டாம் என்றது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்தப் பகிஷ்கரிப்பு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். எதிர்ப்பே இருக்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

இரத்தமும் சிந்தியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளத்தில் 16 சதம் கூட்டித் தரும்படி தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி விழுந்தார். 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். கிரேஷன் பெர்னாண்டோவையும் இன்னும் இருவரையும் அந்த ஆகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயப் படைவீரர்கள் இவர்கள் மூவர் மட்டுமே.

கடைசியாக, இந்தியாவின் வால் என்ற பேச்சு. டில்லியில் நடந்தது கொழும்பைத் தொடாமல் இருந்திருக்காது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1946 ஒக்டோபரிலும் 1947 மே, ஜூனிலும் கொழும்பு பெரும் வேலைநிறுத்தங்களால் அதிர்ந்தது. 1947 ஜூன் 5 அன்று தெமட்டகொடையில் ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட, எழுதுவினைஞர் கந்தசாமி உயிரிழந்தார். முழுப் பொறுப்பாட்சி தருவோம் என்று இலண்டன் அறிவித்ததும் அதே ஜூனில்தான். கந்தசாமியின் சாவுதான் அந்த அறிவிப்பைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவர் பெயரைத் தாண்டிக் குதித்துவிட்டு அறிவிப்பை மட்டும் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியாது.

யாரும் எதையும் கொடுக்கவில்லை என்ற பேச்சினால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். கெப்பெட்டிப்பொலவுக்குப் பிற்காலத்தில் சிலை வந்தது. கோவிந்தனைப் போன்றவர்கள் பிறந்து உழைத்த மலையகத்துக்கு வந்தது வேறொன்று: 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். சுதந்திரம் கிடைத்த அந்த ஆண்டிலேயே தோட்டத்து லயங்களில் வாழ்ந்த ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்.