பிள்ளையின் தட்டில் கைவைக்கும் ரீல்ஸ்

"ரீல்ஸ் பார்த்தாவது பிள்ளைகள் உடம்பைக் கவனிக்கட்டுமே" என்று படித்த பெற்றோரே சொல்கிறார்கள். டயட் வீடியோ என்றால் ஆரோக்கிய விழிப்புணர்வு, அதைப் பார்த்துச் சோற்றைக் குறைக்கும் பிள்ளை பொறுப்பான பிள்ளை என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு வேரூன்றிவிட்டது. வளரும் பிள்ளைகள் விஷயத்தில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை.

அந்த வீடியோக்களில் ஒன்றை முழுதாகப் பாருங்கள். காலையில் சியா விதை ஊறிய தண்ணீர், மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், இரவு சூப். நடுநடுவே கண்ணாடி முன் நின்று வயிற்றைத் தடவிக்காட்டும் காட்சி, 'முன்–பின்' படங்கள், 'ஒரே வாரத்தில் ஐந்து கிலோ' என்ற வாக்குறுதி, கடைசியில் ஏதோ ஒரு பவுடருக்கான லிங்க். நாள் முழுவதற்கும் 1200 கலோரி போதும் என்று கணக்கு வேறு. பார்ப்பவளோ எட்டாம் வகுப்பு மாணவி. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2400 கலோரி வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பாதிச் சாப்பாட்டில் எலும்பு எப்படி உறுதிப்படும், ரத்தம் எப்படி ஊறும்? பூப்பெய்தும் வயதில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது இயல்பு. அந்த இயல்பையே குறை என்று அவளை நம்பவைக்கிறது ஒரு நிமிட வீடியோ.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இவர்களிடம் போய்ச் சாப்பாட்டைக் குறை என்று சொல்வது அநியாயம்.

பருத்த உடலை அழகாகக் கொண்டாடிய நாடு பிஜி. அங்கே ஒரு வட்டாரத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. எடையைக் குறைக்க வாந்தியெடுக்கும் பழக்கம் அப்போது அங்கு ஆய்வு செய்யப்பட்ட மாணவிகள் எவரிடமும் இல்லை. 1998இல் 11 சதவீதம் பேரிடம் இருந்தது. ஹார்வர்டின் ஆன் பெக்கர் குழு கண்டறிந்தது இது. வரவேற்பறைப் பெட்டி மூன்றே ஆண்டில் செய்த வேலை அது. இன்றைய போன் படுக்கைவரை வருகிறது. ஒரு டயட் வீடியோவில் விரல் நின்றால் அதேபோல் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடலைப் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் அதிகமாக்குகிறது என்று அந்த நிறுவனத்தின் உள் ஆவணமே ஒப்புக்கொண்டது 2021இல் வெளிவந்தது.

2025 மார்ச்சில் கேரளத்தில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். யூடியூப் பார்த்து மாதக்கணக்கில் உணவைத் தவிர்த்துவந்தார் என்றன செய்திகள். பையன்களும் தப்பவில்லை. மீசை முளைக்கும் முன்பே சிக்ஸ்பேக் கனவும் புரோட்டீன் டப்பாவும் வந்துவிடுகின்றன.

"அப்படியானால் பிள்ளைகள் குண்டாகட்டுமா?" என்று கேட்பார்கள். சிறுவயது உடல்பருமன் உண்மையான பிரச்சினைதான். ஆனால் டயட் அதற்கு மருந்தல்ல. பதின்வயதில் டயட் இருப்பது உணவுக்கோளாறுக்கு மட்டுமின்றி உடல்பருமனுக்கும் வழிவகுக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இலேயே எச்சரித்தது. வீட்டில் எடையைப் பற்றிப் பேசாதீர்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்பதே அது பெற்றோருக்குச் சொன்ன அறிவுரை.

நாமோ நேர்மாறாக நடக்கிறோம். கல்யாண மண்டபத்தில் நலம் விசாரிக்கும் முன்பே "என்னடி, வெயிட் போட்டுட்டே?" என்கிறார் அத்தை. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அன்றிரவு அந்தப் பெண் போனில் தேடுவது எதை என்று சொல்லவும் வேண்டுமா? ரீல்ஸ் விற்கும் வெட்கத்துக்கு முதல் விளம்பரம் நம் வாயிலிருந்துதான் கிளம்புகிறது.

பிள்ளையின் எடை கவலை தந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாலையில் விளையாட விடுங்கள். டிபன் பாக்ஸ் தொடர்ந்து மிச்சத்தோடு திரும்பினால் திட்டாமல் காரணம் கேளுங்கள். பிள்ளையின் உடம்பைக் கேலி பேசுபவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் அங்கேயே தடுத்துப் பேசுங்கள்.