சாக்லேட் இருக்கட்டும்... அட்டை எங்கே?

எம்.எஸ்.டபிள்யூ படிப்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி உண்டு. சில மாணவிகளுக்கு அது திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் அமைகிறது. முதல் நாள் பையில் சாக்லேட், கலர் பென்சிலோடு கிளம்புவார்கள். தப்பில்லை, பிள்ளைகளோடு சேர அது உதவும். ஆனால், முக்கியமான வேலை குடிசைக்குள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் தாய்-சேய் நல அட்டையில் இருக்கிறது.

இங்கு வரும் குடும்பங்களில் பல, மேற்கு ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபடா பக்கம். புது அரிசி உண்ணும் நுவாகாய் பண்டிகை முடிந்ததும் ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள்; மே, ஜூனில் ஊர் திரும்புவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கல் அறுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. நோட்டில் பெரும்பாலும் கணவன் பெயர் மட்டும். கர்ப்பிணி மனைவி ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்று கல் குறையும், கடன் கழிவது தள்ளிப்போகும். ‘செக்கப்புக்கு ஏன் போகலை?’ என்று அதட்டும்முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது மொழி. ஆண்களில் பலர் இந்தியில் சமாளிப்பார்கள். பல பெண்களுக்கு ஒடியாவோ சம்பல்புரியோதான். ‘பாணி’ என்றால் தண்ணீர். ‘ஜர’ என்றால் காய்ச்சல், நம்ம ஜுரம்தான்! இப்படி ஐம்பது வார்த்தை தெரிந்தால் செவிலியருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்று பேச முடியும். கணவனோ மேஸ்திரியோ மொழிபெயர்க்க நின்றால் ரத்தப்போக்கு, அடி உதை பற்றியெல்லாம் அவர் வாய் திறப்பாரா?

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் நடுவில் இங்கே ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.சி.ஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி மூன்றும் பிறந்தவுடன் போடப்படும். அடுத்த தவணை 6-வது வாரம், அதாவது மே கடைசி. குடும்பம் அப்போது ரயிலில் இருக்கலாம். 10, 14-வது வாரத் தவணைகள் ஒடிசா கிராமத்தில்தான். அட்டை தொலைந்துபோனால் எது போட்டாயிற்று, எது பாக்கி என்று அங்கே யாருக்குத் தெரியும்? அட்டையை போட்டோ எடுத்துக் குடும்பத்தின் செல்போனில் ஏற்றித் தருவது இரண்டு நிமிட வேலை. சொந்த ஊர் ஆஷா பணியாளரின் நம்பரையும் வாங்கி, இங்குள்ள கிராம சுகாதார செவிலியரிடம் கொடுத்துவிடலாம்.

பெரிய பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போனால் ‘டி.சி எங்கே, வயதுச் சான்று எங்கே?’ என்பார்கள். அவை இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். வருடத்தின் நடுவிலும் சேர்க்கலாம். ரேஷனும் அப்படித்தான். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் ஒடிசா கார்டுக்கு இங்கே ஒரு பகுதி அரிசி வாங்கலாம், மீதியை ஊரில் இருக்கும் மாமியார் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு வந்துவிடும். சூளைக் குடும்பங்கள் கிளம்புவதற்கு முன்பே களப்பணி முடிந்துவிடும். பிரசவத் தேதி, தடுப்பூசித் தேதி எழுதிய பட்டியல் மாணவியின் ரெக்கார்டு நோட்டோடு துறைத் தலைவரின் அலமாரிக்குப் போனால் யாருக்கு லாபம்? கடைசி நாளுக்கு முன் அதன் ஒரு நகல் செவிலியருக்கு, இன்னொன்று அங்கன்வாடிக்கு. அடுத்த சீசனில் வரப்போகும் ஜூனியருக்கு அந்த ஐம்பது ஒடியா வார்த்தைகள்.