வாவிக்கரையின் ஆறாத புண்கள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையாகிய எழுவான்கரையை 2004 மார்கழி 26 இல் கடல் அழித்ததையும், 2006, 2007 ஆம் ஆண்டுகளின் போர் வாகரையிலிருந்தும் மேற்குக் கரையாகிய படுவான்கரையிலிருந்தும் மக்களைப் பெயர்த்ததையும் பேசுவோர் அவற்றின் எச்சத்தை உள்ளத்தில் மட்டுமே தேடுகின்றனர். ஆயினும் அச்சமும் இழப்பும் ஓமோன்களின் வழியே குருதியிலும் இறங்கி, உடலின் நோயெதிர்ப்பாகிய நிர்ப்பீடனத்தையே மாற்றுகின்றன.

ஆபத்தை உணர்ந்த மூளையின் பரிவகக்கீழ் என்னும் பகுதி கபச்சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேலமைந்த அதிரீனற் சுரப்பிகளைத் தூண்ட, அவற்றிலிருந்து கோர்ட்டிசோல் சுரக்கிறது. அதற்கு முன்பே பாயும் அதிரினலின் வெண்குழியங்களைக் குருதியில் திரட்டிவிடுவதால், சிறுபொழுது நெருக்கீடு உடலைக் காக்கவே செய்கிறது. காயமோ கிருமியோ கண்ட இடத்தில் எழும் சிவப்பும் வீக்கமுமாகிய அழற்சி அளவு மீறாதபடி கோர்ட்டிசோல் அடக்குகிறது; மூட்டுவாதத்துக்கு அதன் இனமருந்துகள் கொடுக்கப்படுவதும் இக்குணத்தினாலேயே.

நெருக்கீடு மாதக்கணக்கில் நீளும்போதோ வெண்குழியங்கள் பெருகுவது தளர்கிறது. தடுப்பூசிக்கு உருவாகும் பிறபொருளெதிரிகளும் குறைகின்றன. மறுபுறம், கலங்கள் கோர்ட்டிசோலுக்கு மரத்துப்போவதால் அழற்சி அணையாமல் கனல்கிறது. நிர்ப்பீடனம் வெறுமனே குன்றுகிறது என்பதைவிட, அது நிலைகுலைகிறது என்பதே சரி. 1995 இல் அமெரிக்காவில் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதிநோயுற்ற உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் கையில் ஏற்படுத்திய சிறுகாயம், அத்தகைய சுமையற்ற 13 பெண்களின் காயத்தைவிட ஏறத்தாழ 9 நாள் பிந்தியே ஆறியதெனக் கண்டனர். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டும், நுண்கடன் தவணைக்கு அஞ்சிக்கொண்டும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் வாவிக்கரைத் தாயின் சுமை அதனினும் நீண்டது. அவள் சலரோகக்காரியாகவும் இருப்பின், கோர்ட்டிசோல் குருதிச் சர்க்கரையையும் உயர்த்துவதால், காலிலுள்ள புண் ஆறுவதற்கு இருமடித் தடை உண்டு.

ஒருவரது நோயையோ ஆறாப் புண்ணையோ ஓர் இழப்பின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. வறுமைக்கும் ஊட்டக்குறைவுக்கும் அதிற் பங்குண்டு. எனினும் உறவின் ஆதரவு கோர்ட்டிசோலின் எழுச்சியைத் தணிக்கிறது என்பது ஆய்வுகளில் தெரிந்ததே. அத்தகைய ஆதரவு கோயில்களிலும் கிடைத்தது: மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவுசெய்தபடி, போர்க்காலத்தில் இப்பகுதி அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோர், வெளியே சொல்ல முடியாத துயரத்துக்கு ஊர் நடுவே வாய் கொடுத்தனர். அவ்விடங்களை மூடநம்பிக்கையென ஒதுக்குவது பிழை.

உளநலப் பிரிவுக்கு வராத பெண்ணும் சலரோகக் கிளினிக்குக்கு வருவாள். புண்ணுக்கு மருந்து கட்டும் அவ்விடத்திலேயே, அவளுக்கு உறக்கம் வருகிறதா, வீட்டில் துணை யார் உண்டு என்று கேட்பதைச் சிகிச்சையின் பகுதியாகச் சுகாதாரத் துறை ஆக்க வேண்டும்.