வினையூக்கி வேடிக்கை பார்ப்பதில்லை



வினையூக்கி என்றால் என்ன என்று எங்கள் மஞ்சக்குப்பத்து மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "வினையில் தான் பங்கு கொள்ளாமல் அதன் வேகத்தை மாற்றும் பொருள்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். நான் இயற்பியல்காரன், வேதியியலார் வீட்டு விவகாரத்தில் தலையிடுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் 'பங்கு கொள்ளாமல்' என்பதை அடித்துவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கடலூர் சிப்காட்டில் மருந்தும் சாயமும் செய்யும் ஆலைகள் இருப்பதை அறிவீர்கள். இத்தகைய பொருள்கள் பலவற்றுக்கும் அடிப்படை பென்சீன் வளையம். தாத்தா இரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் லோசார்ட்டான் மாத்திரையில் இரண்டு பென்சீன் வளையங்கள் நேராக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை தாமாக ஒட்டுவதில்லை. ஒட்டவைக்க ஒரு நல்ல வழி, சுசுகியும் மியாவுராவும் 1979இல் வெளியிட்ட பல்லேடியம் முறை. 2010இல் ஹெக், நெகிஷி ஆகியோருடன் சுசுகிக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இங்கே பல்லேடியம் என்ன செய்கிறது? முதல் வளையத்துக்கும் அதிலுள்ள ஹாலஜனுக்கும் நடுவே புகுந்து, பிணைப்பைப் பிரித்து, இரண்டையும் தானே தாங்கிக்கொள்கிறது. போரானோடு வரும் இரண்டாம் வளையத்தையும் வாங்கிக்கொள்கிறது. வளையங்களை இணைத்து அனுப்பிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதுவா பங்கு கொள்ளாமை?

ஒரு சங்கடம் இருந்தது. புரோமின், அயோடின் சேர்மங்களோடு எளிதில் நடந்த வினை, மலிவான குளோரின் சேர்மங்களோடு எளிதில் நடக்கவில்லை. கார்பன்-குளோரின் பிணைப்பு அவ்வளவு வலியது. உலோகத்தை மாற்றாமலே இதற்கு வழி பிறந்தது! உலோகத்துக்கு எலெக்ட்ரான் இணையைக் கொடுத்து அதனோடு சேர்ந்து நிற்கும் மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். 1998இல் அமெரிக்காவில் பக்வால்டு குழுவும் ஃபூ குழுவும் பருத்த பாஸ்பீன் ஈனிகளைப் பயன்படுத்தின. இவை எலெக்ட்ரான்களைத் தாராளமாக வழங்குவதால் உலோகம் வலிய பிணைப்பிலும் புகுந்துவிடும். பருமனும் வீண் அன்று. டவுன் பஸ்ஸில் பெரிய மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொரு மூட்டைக்காரர் உட்கார முடியாது. ஒல்லியான மாணவர் நுழைந்துவிடலாம் அல்லவா? தட்டையான பென்சீன் வளையம் அப்படித்தான் இடம் பிடிக்கிறது. பக்வால்டின் ஈனியால் அறை வெப்பநிலையிலேயே வினை நடந்தது.

மும்பை ஐ.ஐ.டி.யில் தேபபிரதா மைதி குழுவினர் இன்னும் ஒரு படி சென்று, வளையத்தின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையே பல்லேடியம் நேராகத் தாக்கும்படி மூலக்கூறுகளை வடிவமைக்கிறார்கள். வளையத்தில் ஹாலஜன் இல்லையென்றால் அதிலிருந்து வரும் உப்புக் கழிவும் இல்லை. உப்பனாற்றங்கரையில் ஆலைகளை வைத்திருக்கும் ஊருக்கு இது சின்னச் செய்தியா?

சரி, தேர்வில் என்ன எழுதுவது? "வினையில் பங்கு கொண்டு, முடிவில் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள்" என்று எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் பல்லேடியத்தைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள்.