நிழலில் வாழும் இலை

தென்காசிக்கு மேற்கே சில கல் தொலைவில் குற்றாலம் உள்ளது. சாரற் பருவத்தில் அங்குக் கூடுவோர் பேரருவியை அண்ணாந்து நோக்கி மகிழ்வர்; ஐந்தருவியில் நீராடுவர். ஆனால், செண்பகாதேவி அருவியைச் சூழ்ந்த காட்டில், ஓங்கிய மரங்களின் அடியில் வளரும் பெரணிகளையும் சிறுசெடிகளையும் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. வெயில் வேண்டாத செடிகள் என்று அவற்றை ஒதுக்கிவிடுவது பலர் வழக்கம். அது பொருந்தாக் கூற்று. காட்டிற்குக் கேடு விளைக்கவும் வல்லது.

ஒளியின்றி எப்பச்சிலையும் உணவு ஆக்காது. அடர்ந்த மழைக்காட்டின் தரையை அடையும் ஒளியோ, மர உச்சியில் விழுவதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே. அச்சிறு பங்கைக்கொண்டு வாழும் இலை சோம்பிக் கிடப்பதாகக் கருதலாமோ?

இலைக்குப் பசுமை தரும் பச்சையம் தனித்து உழைப்பதில்லை. முழு வெயிலிலும் ஒரு பச்சைய மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழப் பத்து ஒளித்துகள்களையே ஏற்கும். நிழலில் அதனினும் மிகக் குறைவு. ஒளியாற்றலைப் பெற்று உணவாக்கும் தொழிலைத் தொடங்கும் வினைமையமோ பன்மடங்கு விரைவாக உழைக்க வல்லது. ஒரே மூலக்கூறு அதற்கு ஆற்றல் ஈட்டித் தருவதாயின், அம்மையம் பெரும்பொழுதும் வாளா இருக்க நேரும். ஆதலின், நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் புரதங்களில் பொருந்தி, வினைமையத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றுள் எங்கோ ஒன்று ஏற்ற ஆற்றல் அண்டையில் உள்ளதற்கு மாறி, அதனின்றும் அடுத்ததற்கு மாறி, மையத்தைச் சென்று சேர்கிறது. தீப்பற்றிய வீட்டை அணைக்கக் கிணற்றடியிலிருந்து வரிசையாக நிற்போர் நீர்க்குடத்தைக் கைமாற்றுவது போன்றது இது. நிற்போர் நின்றவிடத்தே நிற்பர். குடம் மட்டுமே செல்லும். ஆயின், இங்கே ஒரு கைமாற்றம் நொடியின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு என்னும் அளவான காலத்தில் முடிந்துவிடும். வழியில் சிந்துவதும் மிகச் சிறிதே.

1932-ஆம் ஆண்டில் எமர்சன், ஆர்னால்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பசும்பாசியின்மீது மிகக் குறுகிய ஒளிவெட்டுகளைப் பாய்ச்சி ஆராய்ந்தனர். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிப்படுவதற்கு ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் உள்ளமை தெரிந்தது. இக்கூட்டுழைப்பை உலகிற்கு முதலில் உணர்த்திய கணக்கு அதுவே.

சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் வெயிலைத் தடையின்றிப் பெறும் சூரியகாந்திக்கு ஒளி ஏந்தும் தொகுதிகள் பெரியனவாக இருத்தல் வேண்டா. நிழற்செடியோ அவற்றைப் பெருக்கிக்கொள்கிறது. வருவாய் குறைந்த இல்லத்தாள் காசுதோறும் கணக்குப் பார்ப்பது போன்ற சிக்கனம் அது.

இந்தச் சிக்கனமே ஒருநாள் அதற்கு இடராகவும் முடியும். மேலுள்ள மரங்களை வெட்டியவுடன் வெயில் திடீரெனப் பாய்கிறது. பெருந்தொகுதிகள் திரட்டும் ஆற்றலை வினைமையம் ஏற்க மாட்டாது. மிகையான ஆற்றல் அம்மையத்தையே சிதைக்க, இலை வெளிறிக் கருகுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏலம் பயிரிடுவோர் நிழல்மரங்களைப் பேணுவது வீணன்று. பெருமரம் ஒன்று தானே சாய்ந்த இடைவெளியில் சில மரக்கன்றுகள் விரைந்து ஓங்குதல் உண்மையே. அதனைக் காட்டி, கீழ்ச்செடிகளுக்கு ஒளி தருவோம் என்று காட்டைக் கழிக்கப் புகுவது பேதைமை. அது சாளரம் திறப்பதாகாது, கூரையைப் பிரிப்பதாகும்.

குற்றால மலையில் பெய்யும் மழை முதலில் மர உச்சியில் தங்கி, பின்னர் இச்சிறு இலைகளில் சொட்டி, சருகினூடே மண்ணில் ஊறுகிறது. பெரணியின் வேர்கள் அம்மண்ணைப் பற்றி நிற்கின்றன. அங்கு ஊறிய நீரே பின்னர்க் கசிந்து சிற்றாற்றை அடைகிறது.